மூன்று டப்பா நீர் மைட்டுகள்

முதல் பருவத்தில் பிடித்த நீர் மைட்டுகளை மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்தேன். சிவப்பாய், தொட்டால் அமுங்குகிற மாதிரி மெத்தென்று இருந்தவை ஒன்றில். ஓடு போர்த்தியதுபோல் கெட்டியாக இருந்தவை இன்னொன்றில். மஞ்சளும் பழுப்புமாய், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய நீந்தித் திரிந்தவை மூன்றாவதில். பார்க்க வெகு பொருத்தமாக இருந்தது. டப்பாக்கள் மேல் ‘சிவப்பு’, ‘ஓடு’, ‘மற்றவை’ என்று எழுதியும் ஒட்டிவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக அறுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் கண்ணாடி வில்லையில் ஏற்றத் தொடங்கியதும் அந்தச் சீட்டுகளைக் கிழிக்க வேண்டியதாகிவிட்டது.

மைட் என்றால் பயிர் வைப்பவர்கள் சிலந்திப்பேன் என்று சொல்லும் வகையறா. எட்டுக் கால், பூச்சி இல்லை, சிலந்திக்குச் சொந்தம். அதில் நன்னீரில் குடியேறிய பெரிய கூட்டத்துக்கு ஹைட்ராக்னிடியா என்று பெயர். 6,000க்கு மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். குளம், ஓடை, ஊற்று, ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் நீர் என்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் உண்டு. பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்கு நீந்துகிற ஒரு புள்ளி.

பிடிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 250 மைக்ரான் கண்ணுள்ள வலை, வெள்ளைத் தட்டு, வாயை அகலமாக வெட்டிய சொட்டுக் குழாய். குளத்தில் நீர்ச்செடிகளை வலைக்குள் விட்டு உதற வேண்டும். ஓடையில் வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கூழாங்கற்களைக் காலால் கிளற வேண்டும். வந்ததைத் தட்டில் கொட்டி, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சும்மா இருக்க வேண்டும். கஷ்டமான கட்டம் அதுதான். பத்து நிமிடத்தில் மண் அடங்கியதும் குளத்து மைட்டுகள் தாமாகவே நீந்தி வெளியே வரும். ஓடை மைட் நீந்தாது, குப்பைக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும். அரை மணி நேரம் தட்டை முறைத்துக்கொண்டிருந்தால்தான் ஒரு தூசி நகர்வது கண்ணில் படும்.

முதல் நாள் பிடித்த பதினேழில் ஆறு மைட்டே இல்லை. ஆஸ்ட்ரகாட் என்ற இரட்டை ஓட்டுக் குட்டிப் பிராணி, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். உருண்டை வடிவம், அதே அளவு, அதே வேகம். நீந்தும்போது பிரித்துச் சொல்வது கடினம், நின்றால் தெரிந்துவிடும். மைட் நின்றதும் கால்களைப் பரப்பித் தொங்கும். ஆஸ்ட்ரகாட் கதவைச் சாத்திக்கொள்ளும். ‘கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் விசித்திர மைட்’ என்று நான் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கங்களை இன்னும் கிழிக்கவில்லை. ஆஸ்ட்ரகாட் பல நீர் மைட்டுகளுக்கு இரை என்பது பிறகுதான் தெரிந்தது. இரையையும் வேட்டைக்காரனையும் ஒரே குப்பியில் போட்டுவிட்டு எண்ணிக்கை குறைகிறதே என்று குழம்பியிருக்கிறேன்.

அடுத்த தவறு சாராயம். கையில் இருந்த எத்தனாலில் முதல் தொகுதியைப் போட்டேன். இரண்டு வாரத்தில் எல்லாம் விறைத்து, கால்கள் வயிற்றோடு மடங்கிக் காய்ந்த மிளகு போல ஆகிவிட்டன. ஊசியால் காலை நிமிர்த்தினால் கால் கையோடு வந்தது. மைட் பார்ப்பவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துவது கோனிகே திரவம். ஜெர்மானிய ஆய்வாளர் ஒருவரின் பெயர். கிளிசரின் 5 பங்கு, தண்ணீர் 4 பங்கு, அடர் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு. நெடி மூக்கைத் துளைக்கும். ஆனால் அதில் ஊறிய மைட் ஆறு மாதம் கழித்தும் நெகிழ்ந்தே இருக்கும், கால்கள் விரிந்திருக்கும், ஊசி சொன்னபடி கேட்கும். ஒரே குறை, அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். பின்னால் மரபணு பார்க்கும் எண்ணம் இருந்தால் சிலவற்றைத் தனியாக 96 சதவீத எத்தனாலில் போட்டு வைக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு குப்பி, இரண்டிலும் ஒரே எண்.

இனி அறுவை. குச்சியின் நுனியில் ஒட்டிய மிக மெல்லிய பூச்சி ஊசி இரண்டு போதும். மைட்டின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, லாக்டிக் அமிலத்தில் ஊறவிட்டு, மறுநாள் மெல்ல அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெளியே வரும். இங்கே எனக்கு ஒரு அவமானம் காத்திருந்தது. மூன்றாவது டப்பாவுக்குள் நான் உட்பிரிவு செய்திருந்தேன்: முதுகில் வெள்ளைக் கவட்டைக் குறி உள்ளவை, நேர்க்கோடு உள்ளவை, குறியே இல்லாதவை. அழுத்தியதும் அந்தக் கவட்டை அப்படியே கரைந்து துளை வழியாக ஒழுகிவிட்டது. அது தோலில் உள்ள குறியே இல்லை. உள்ளே இருக்கும் கழிவு உறுப்பு, தோல் வழியாகத் தெரிகிறது. நிறைந்திருந்தால் கவட்டை, காலியானால் கோடு. மூன்று வாரம் நான் பிரித்தது இனங்களை அல்ல, அவற்றின் மலச்சிக்கலை.

வெறுமையான தோலை எடுத்து, முதுகுப்புறம் தனியாக, வயிற்றுப்புறம் தனியாக, வாய்ப்பகுதியையும் அதன் இருபுறத்துப் பால்ப் கைகளையும் தனியாகப் பிரித்துக் கிளிசரின் ஜெல்லியில் வைக்க வேண்டும். ஒரே வில்லையில் இரண்டு மூடிக்கண்ணாடி: ஒன்றின் கீழ் உடல், இன்னொன்றின் கீழ் வாய்ப்பகுதி. இரண்டையும் ஒரே மூடியின் கீழ் வைத்தால் உடலின் தடிமனில் பால்ப் சாய்ந்து, எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்றே தெரியாது. முதல் பத்து வில்லைகளில் நான்கு அப்படி வீணாயின. மூடியின் ஓரம் நான்கிலும் உடைந்த கண்ணாடிச் சில்லை முட்டுக் கொடுத்தால் மாதிரி நசுங்காது. ஓரத்தை நெயில் பாலிஷ் வைத்து அடைக்கிறேன். ஜெல்லியை அதிகமாகச் சூடாக்கினால் குமிழி வரும். குமிழி எப்போதும் நாம் பார்க்க வேண்டிய இடத்தில்தான் நிற்கும்.

பால்ப் என்பது வாயின் இருபுறமும் இருக்கும் ஐந்து கணுக் கை. வகைப்பாட்டுக்கு அதுதான் முக்கியச் சாட்சி. அதோடு கால்கள் உடலில் சேரும் இடத்துத் தகடுகளின் அமைப்பு, இனப்பெருக்கத் துளையைச் சுற்றியுள்ள நுண்கிண்ணங்களின் எண்ணிக்கை, சுரப்பித் துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது. நிறம் இந்தப் பட்டியலில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

ஒரு வில்லையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்றாவது டப்பாவிலிருந்து எடுத்த ஒன்று. முதல் மூன்று ஜோடிக் கால்களின் நுனியிலும் பூனை நகம் போல இரண்டிரண்டு கொக்கிகள், உறைக்குள் பாதி மடங்கிய நிலையில். நான்காம் காலின் நுனி வெறுமையாக, பென்சில் சீவியதுபோல் கூராக முடிந்தது. சரி, ஊசி பட்டு நகம் உடைந்திருக்கும் என்று அடுத்ததை எடுத்தேன். அதிலும் நான்காம் காலில் நகம் இல்லை. மூன்றாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலைத் தொடாமலேயே ஏற்றினேன். அதிலும் இல்லை. என் கையைத் திட்டிக்கொண்டே இனங்காண் அட்டவணையைத் திறந்தால், லிம்னீசியா பேரினத்தின் அடையாளமே அதுதான் என்று இருக்கிறது: நான்காம் காலில் நகம் கிடையாது. நுண்கிண்ணங்களை எண்ணினேன், பக்கத்துக்கு மூன்று. ஒத்துவந்தது. பிறகு சந்தேகத்தில் ‘சிவப்பு’ டப்பாவைக் கிளறினேன். அங்கேயும் நான்காம் காலில் நகம் இல்லாத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லிம்னீசியாவில் சிவந்த இனங்களும் உண்டு. முதல் சீட்டு அன்று கிழிந்தது.

‘சிவப்பு’ டப்பாவில் மிச்சம் இருந்தவையும் ஒரு குடும்பம் இல்லை. பெரிதாக இருந்த ஒன்று ஐலைஸ். அதன் இரு கண் உறைகளும் நடுவே ஒரு பாலத்தால் இணைந்து, மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் இருக்கும். உயிரோடு இருக்கும்போதே அதை அடையாளம் காணலாம்: நான்காம் காலில் நீந்தும் முடிகள் இல்லாததால் அந்த ஜோடியை அசைக்காமல் பின்னால் இழுத்துக்கொண்டே நீந்தும். அதே அளவில் உருண்டையாக இருந்த இன்னொன்று ஹைட்ராக்னா. வாய் உறுப்பு நீண்ட ஊசி, குத்தி உறிஞ்சுவதற்கு. சிறிய சிவப்புகள் ஹைட்ரோட்ரோமா. துளையருகே எண்ண முடியாத அளவு நுண்கிண்ணங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு பெருங்குடும்பங்கள், அதாவது குடும்பத்துக்கும் மேலே உள்ள பிரிவுகள். லிம்னீசியாவையும் சேர்த்தால் நான்கு.

அப்படியென்றால் எல்லாம் ஏன் சிவப்பு? நிலத்தில் வாழும் நெருங்கிய சொந்தத்தைப் பார்த்தால் ஒரு வழி புலப்படும். மழைக்குப் பின் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி, அந்த வெல்வெட் சிவப்பு, அதுவும் ஒரு மைட்தான். சங்கப் பாடல்களில் அதற்கு மூதாய் என்று பெயர். நீர் மைட்டுக்கு அது மூதாய் அல்ல, பெரியம்மா மகள் என்று வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இருவருக்கும் பொதுவான மூத்த தாய் நிலத்தில்தான் இருந்தாள். சிவப்பும் மென்மையான உடலும் அவள் விட்டுப்போன பழைய சொத்தாக இருக்கக்கூடும். தாத்தாவின் மூக்கு எல்லாப் பேரன்களுக்கும் வந்திருந்தால், மூக்கை வைத்து யார் எந்த மகனுக்குப் பிறந்தவன் என்று சொல்ல முடியாது. சிவப்பு அந்த மாதிரி மூக்கு. ஒன்றை மட்டும் சோதித்தேன்: சிறு மீன் இருந்த தொட்டியில் ஒரு சிவப்பு மைட்டை விட்டேன். மீன் கவ்வியது, அடுத்த நொடி துப்பியது. மைட் நீந்திப் போய்விட்டது. சுரப்பித் துளைகளில் இருந்து வருவது மீனுக்குப் பிடிப்பதில்லை. நிறம் எச்சரிக்கைக்காகவே வந்ததா என்பது வேறு கேள்வி. மீனே இல்லாத குட்டைகளிலும் சிவப்பு மைட்டுகள் இருக்கின்றன.

‘ஓடு’ டப்பா இன்னும் மோசம். அதில் மூன்று கூட்டங்கள் கலந்திருந்தன. ஒன்று அர்ரென்யூரஸ், ஓடு முழுக்கத் தேன்கூட்டுக் குழிகள். முதுகில் வளையமாக ஒரு பள்ளம். அதன் ஆணுக்குப் பின்னால் வால் போல ஒரு நீட்சி உண்டு, பெண் வெறும் உருண்டை. நான் ஆணையும் பெண்ணையும் தனித்தனி இனமாக எண்ணி இரண்டு குப்பியில் வைத்திருந்தேன். இரண்டாவது டாரென்டிகோலா, ஓடையில் கிடைத்தது. அதன் முதுகு ஓடு ஒரே துண்டு இல்லை. முன்விளிம்பில் நான்கு சிறு தகடுகள் தனியாகப் பொருத்தியதுபோல் இருக்கும், வில்லையில் பார்த்தால் ஓட்டு வீட்டின் முகப்பு மாதிரி. முந்தையது குளத்தின் நீச்சல்காரன், இது கூழாங்கல்லைப் பற்றி ஊர்வது. இரண்டுக்கும் ஓடு தனித்தனியாக வந்தது. நீர் மைட்டுகளின் வரலாற்றில் இப்படி ஓடு பலமுறை தோன்றியிருக்கிறது. நீந்தும் முடிகளும் அப்படியே: வேகமான நீரில் குடியேறியவை அவற்றை இழந்தன. மணலுக்கு அடியில் போனவை கண்ணையும் நிறத்தையும் சேர்த்தே இழந்தன. இடம் உருவத்தை அடித்துத் திருத்திவிடுகிறது.

மூன்றாவது கூட்டம் நீர் மைட்டே அல்ல. மிதக்கும் பாசி இலைகள் மேல் நடந்துகொண்டிருந்த பளபளக்கும் பழுப்பு உருண்டைகள், ஹைட்ரோசெட்டீஸ். மக்கிய இலைகளில் வாழும் ஒரிபாட்டிட் மைட்டுகளின் சொந்தம்; தனி வழியில் தண்ணீருக்கு வந்தவை. கடலில் வாழும் ஹாலகாரிட் மைட்டுகளும் அப்படித் தனி வழி. மைட்டுகள் தண்ணீருக்குள் ஒரு முறை மட்டும் இறங்கவில்லை. ஹைட்ராக்னிடியா என்பது அந்த இறக்கங்களில் பெரியது, அவ்வளவுதான். அதிலேயே பான்டராக்னிடே என்ற குடும்பம் நன்னீரிலிருந்து கடலுக்கும் போய்விட்டது.

‘மற்றவை’ டப்பாவில் மட்டும் குருட்டு அதிர்ஷ்டம். லிம்னீசியா, பியோனா, ஹைக்ரோபேட்ஸ், யூனியோனிகோலா எல்லாம் ஹைக்ரோபடாய்டியா என்ற ஒரே பெருங்குடும்பம். அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தபோது ஐந்தாவதாக ஒரு லெபர்ஷியா வந்து கெடுத்தது. மெத்தென்ற தோல், ஆனால் ஓடு போட்ட டாரென்டிகோலாவோடு ஒரே பெருங்குடும்பம்.

நிலத்திலிருந்து வந்தவை என்பதை நம்புவதற்கு எனக்கு வில்லைகள் போதவில்லை. முட்டைதான் நம்ப வைத்தது. உயிரோடு வைத்திருந்த ஐலைஸ் ஒன்று கண்ணாடிக் குவளையின் சுவரில் சிவப்புப் பசையாக முட்டையிட்டது. பதினோராம் நாள் காலையில் பசைக்குள் புள்ளிகள் நெளிந்தன. மதியம் பார்த்தால் தண்ணீருக்குள் ஒன்றையும் காணோம். செத்துவிட்டன என்று குவளையைச் சாய்த்தபோது வெளிச்சம் பட்டுத் தெரிந்தது: எல்லாம் மேலே, நீர்ப் பரப்பின் தோல்மீது, ஆறே கால்களில் ஓடிக்கொண்டிருந்தன. கால் நனையவில்லை. ஊசியால் ஒன்றைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். காற்றைச் சட்டை போல மாட்டிக்கொண்டு விருட்டென்று மேலே வந்துவிட்டது. தண்ணீரில் பிறந்து, தண்ணீரில் வாழப் போகிற ஒன்று, குழந்தைப் பருவத்தை மட்டும் நிலத்துப் பிராணி மாதிரி கழிக்கிறது.

அந்தக் குழந்தைப் பருவம் ஒட்டுண்ணி வாழ்க்கை. ஐலைஸ் லார்வா நீர் வண்டு, நீர் மூட்டைப்பூச்சி போன்றவற்றின் சிறகுக்கு அடியில், காற்று இருக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். தம்பலப்பூச்சியின் லார்வாவும் நிலத்தில் பூச்சிகள்மேல் இப்படித்தான் ஒட்டி வாழ்கிறது. மனிதரைக் கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் சிக்கர் மைட்டிலும் கடிப்பது லார்வா மட்டுமே. அப்புறம் எல்லோருக்கும் ஒரே வரிசை: லார்வா, அசையாத உறக்கப் பருவம், வேட்டையாடும் இளம்பருவம், மறுபடி உறக்கம், பிறகு வளர்ந்த மைட். ஒட்டுண்ணிக் குழந்தையும் இரண்டு உறக்கங்களும் சேர்ந்த இந்தக் குடும்ப வழக்கத்தை வைத்துத்தான் இவை எல்லாவற்றையும் பாராசிட்டெங்கோனா என்ற ஒரே கூட்டத்தில் வைக்கிறார்கள்.

லார்வா தண்ணீருக்குள்ளேயே நீந்தும் கூட்டங்கள் வேறு. அர்ரென்யூரஸ் அப்படி. அதன் லார்வா தட்டானின் நீர்ப்பருவக் குஞ்சைத் தேடிப் பிடித்து, கடிக்காமல் காத்திருக்கும். தட்டான் தோலுரித்து வெளியே வரும் அந்தச் சில நிமிடங்களில் பழைய தோலிலிருந்து புது உடலுக்குத் தாவிவிடும். ஒரு ஊசித்தட்டானின் மார்புக்கு அடியில் இப்படி ஒன்பது சிவப்பு மணிகள் கோத்தது மாதிரி ஒட்டியிருந்ததை உருப்பெருக்கியில் பார்த்தேன். இனப்பெருக்கத்துக்குத் தட்டான் மறுபடி நீருக்கு வரும்போது மணிகள் உதிர்ந்து தண்ணீருக்குள் போய்விடும். சவாரியும் சாப்பாடும் ஒரே டிக்கெட்டில். நீர்க்குச்சிப் பூச்சியின் உடலில் ஒட்டும் ஹைட்ராக்னா லார்வா இன்னும் ஒருபடி மேலே போய், பல மடங்கு வீங்கி, உறக்கப் பருவத்தையும் அங்கேயே கழித்துவிடும். அந்தச் சிவப்புப் பைகளுக்கு ஒரு காலத்தில் தனிப் பேரினப் பெயரே வைத்தார்கள். என் ஆஸ்ட்ரகாட் பக்கங்களை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல்.

இப்போது பெட்டியைப் பெருங்குடும்பப்படி அடுக்கியிருக்கிறேன். 1781இல் டென்மார்க் நீர்நிலைகளின் மைட்டுகளை வரைந்து வெளியிட்ட ஓட்டோ ஃபிரீட்ரிக் முல்லருக்கு எல்லாம் ஹைட்ராக்னாதான், ஒரே பேரினம். டேவிட் குக் 1974இல் உலகப் பேரினங்களைத் தொகுத்தபோது அது கனமான புத்தகமாகிவிட்டது. என் அடுக்கு பெரும்பாலும் வளர்ந்த மைட்டின் பால்ப்பையும் தகடுகளையும் நம்பியது. லார்வாவையும் பார்த்தால்தான் பெருங்குடும்ப எல்லைகள் உறுதியாகும். நிலத்தடி நீரில் வாழும் ஸ்டைகோத்ரோம்பிடியம் கூட்டத்தைச் சிலர் ஹைட்ராக்னிடியாவுக்குள் வைப்பார்கள், சிலர் வாசலுக்கு வெளியே நிறுத்துவார்கள். டிஎன்ஏ வந்த பிறகு கீழ்மட்டத்திலும் கலக்கம்தான். ஹைக்ரோபேட்ஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் என்று ஒற்றைப் பெயரில் இருந்தது பல இனங்களாகப் பிரிந்துவிட்டது. என் வில்லையில் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

ஏழு வரிசையில் ஆறு நிரம்பியிருக்கிறது. ஹைட்ரோசெட்டீஸுக்குத் தனியாக ஒரு தீப்பெட்டி. ஹைட்ரோவோல்சியாவுக்கான வரிசை காலி. அது குளத்திலும் என் ஓடையிலும் கிடைக்கிற ஆள் இல்லை, ஊற்றில் நனைந்த பாசியைப் பிழிந்து தேட வேண்டும். வலையின் ஓரம் ஒரு சாண் கிழிந்திருக்கிறது. முதலில் அதைத் தைக்க வேண்டும்.